ஹேவ்லாக்கில் முதல் இரவு டைவ்: கார்டு, படிவம், டார்ச், நேரம், செலவு

ராத்திரியில் சிலிண்டர் மாட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கும் ஸ்கூபா, ஒரே ஒரு இரவு டைவ். அதற்காக மூன்று தடவை அந்தமான் போனவன் நான். முதல் தடவை கையில் டைவர் பயிற்சி முடித்த கார்டு இல்லை. இரண்டாம் தடவை கார்டு இருந்தது, மருத்துவர் கையெழுத்து காலாவதியாகியிருந்தது. மூன்றாம் தடவைதான் கடலுக்குள் இருட்டைப் பார்த்தேன். அந்த நாற்பது நிமிடம் நான் பயந்த அளவுக்குக் கஷ்டமாக இல்லை. பணமும் விடுப்பும் கரைந்ததெல்லாம் கரையில்தான். அதனால் இதில் மீன்களைப் பற்றிக் கொஞ்சமாகவும், காகிதம், பேட்டரி, மணிக்கணக்கு பற்றி நிறையவும் எழுதுகிறேன்.

ஹேவ்லாக் என்று நான் சொல்வது சுவராஜ் தீவை. 2018இல் பெயர் மாற்றினார்கள். போர்ட் பிளேயருக்கும் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். டிக்கெட்டில் புதுப் பெயர் இருக்கும், டைவ் ஷாப்பில் பழைய பெயரையே சொல்வார்கள். இரண்டும் ஒன்றுதான்.

1. முதலில் ஓப்பன் வாட்டர் கார்டு

அந்தமான் போய்வந்தவர்கள் “ஸ்கூபா பண்ணினோம்” என்று சொல்வது பெரும்பாலும் அறிமுக டைவ். பயிற்சியாளர் உங்கள் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டே கூட வருவார், 12 மீட்டரைத் தாண்ட மாட்டார், முடிந்ததும் போட்டோ போட்ட சான்றிதழ் தருவார். அதை நான் லேமினேட் செய்து பத்திரமாக எடுத்துப்போய் இரவு டைவ் கேட்டேன். கவுண்டரில் இருந்த தூத்துக்குடிப் பையன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “அண்ணே, இது ஞாபகத்துக்கு வெச்சுக்கிறது. இத நம்பி ராத்திரி இறக்க முடியாது” என்றான்.

வேண்டியது ஓப்பன் வாட்டர் கார்டு. பேடி, எஸ்எஸ்ஐ என்று கார்டு தரும் பயிற்சி அமைப்பு எதுவானாலும் சரி. மூன்று நான்கு நாள் பயிற்சி. பாடம் கொஞ்சம், ஆழமில்லாத தண்ணீரில் பழக்கம் கொஞ்சம், பிறகு கடலில் நான்கு டைவ். 200 மீட்டர் நிற்காமல் நீந்தவும் பத்து நிமிடம் எதையும் பிடிக்காமல் மிதக்கவும் தெரிந்திருக்க வேண்டும். வேகத்தை யாரும் பார்ப்பதில்லை. முடித்தால் 18 மீட்டர் வரை போகலாம். பேடியில் 10 வயதிலேயே கார்டு கிடைக்கும், ஆனால் இரவு டைவ் பயிற்சிக்கு 12 ஆக வேண்டும். பிள்ளைகளோடு போகிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

பாடப் பகுதியை ஊரிலேயே இணையத்தில் முடித்துவிட்டால் தீவில் ஒரு நாள் மிச்சம். நான் முழுப் பயிற்சியையும் புதுச்சேரியில் முடித்தேன். தமிழிலேயே சொல்லித்தர ஆள் கிடைத்தார். நான் போன வாரம் கடல் கலங்கலாக இருந்தது, சொந்த ஃபின் நுனிகூடச் சரியாகத் தெரியவில்லை. அன்றைக்கு அலுத்துக்கொண்டேன். கண்ணை நம்பாமல், காற்றும் ஆழமும் காட்டும் கேஜையும் மூச்சையும் நம்பப் பழகியது அங்கேதான் என்பது இருட்டில் இறங்கியபோது புரிந்தது.

கார்டு வந்த பிறகு முதல் இரவு டைவைப் பயிற்சியாளரோடு ‘நைட் அட்வெஞ்சர் டைவ்’ ஆகச் செய்யுங்கள். சாதாரண ஃபன் டைவைவிடக் கொஞ்சம் கூடுதல் காசு. பின்னால் அடுத்த கட்டமான அட்வான்ஸ்டு படிக்க நினைத்தால் அதற்கு வேண்டிய ஐந்து டைவில் இது ஒன்றாகக் கணக்கில் சேரும். மூன்று டைவ் கொண்ட நைட் டைவர் படிப்பும் தனியாக உண்டு. முதல் டைவ் பிடிக்கிறதா என்று பார்க்காமல் அதற்கு மொத்தப் பணத்தையும் கட்டாதீர்கள்.

கடைசியாக டைவ் செய்து ஆறு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால் பல ஷாப்களில் ரெஃப்ரெஷர், அதாவது மறந்ததை மீட்டுப் பார்க்கும் வகுப்பு, கேட்பார்கள். அரை நாள் போகும், கட்டணம் தனி. கார்டை போனில் படமாகச் சேமித்து வையுங்கள். தீவில் இணையம் முன்னைவிடத் தேவலாம் என்றாலும் கவுண்டரில் நிற்கும்போது ஆப் திறக்காமல் சுற்றிக்கொண்டிருக்கும்.

2. மருத்துவப் படிவத்தை ஊரிலேயே முடியுங்கள்

எந்த ஷாப்புக்குப் போனாலும் நீட்டுவது அநேகமாக ஒரே படிவம்தான். முதல் பக்கத்தில் பத்துக் கேள்வி, இரண்டாம் பக்கத்தில் துணைக் கேள்விகள், மூன்றாம் பக்கம் மருத்துவர் கையெழுத்துக்கு. எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்றால் உங்கள் கையெழுத்தே போதும். வீசிங், இதயக் கோளாறு, காது அறுவை சிகிச்சை, வலிப்பு, சர்க்கரை, தினசரி மாத்திரை என்று எங்காவது ‘ஆம்’ விழுந்தால் பெரும்பாலும் மூன்றாம் பக்கம் தேவைப்படும். 45 வயதைத் தாண்டியவர்களுக்குத் துணைக் கேள்விகள் தனியாக இருக்கின்றன.

எனக்குச் சின்ன வயதில் வீசிங். புதுச்சேரியில் படித்தபோது மருத்துவர் கையெழுத்து வாங்கியிருந்தேன். இரண்டாம் பயணத்தில் அதற்கு 14 மாதம் ஆகிவிட்டது. ஓராண்டுக்குள் வாங்கியது வேண்டும் என்றார்கள். தீவில் ஒரு மருத்துவரைத் தேடிப் போனேன். என் நுரையீரலைப் பற்றி எதுவும் தெரியாமல் எப்படிக் கையெழுத்துப் போடுவது என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான்.

சென்னை திரும்பியதும் பொது மருத்துவரிடம் போனது அடுத்த தவறு. படிவத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இது தன் வேலை இல்லை என்று திருப்பித் தந்துவிட்டார். நேராக நுரையீரல் மருத்துவரிடம் போங்கள். ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனை எடுக்கச் சொல்வார். கன்சல்டேஷனோடு சேர்த்து எனக்கு 1,800 ரூபாய் ஆனது, இரண்டு நாளில் வேலை முடிந்தது. மூன்று பக்கத்தையும் அச்செடுத்துக்கொண்டு போங்கள். போனில் காட்டினால் எந்த மருத்துவரும் கையெழுத்துப் போட முடியாது.

எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று போட்டுவிட்டுப் போகச் சொல்லி யோசனை தருபவர்கள் இருப்பார்கள். கேட்காதீர்கள். மேலே ஏறும்போது நுரையீரலுக்குள் காற்று விரியும். குழாய் எங்காவது சுருங்கி அது வெளியேற வழியில்லாமல் போனால் நுரையீரல் கிழியும். காப்பீட்டுக்காரரும் அந்தப் படிவத்தைத்தான் முதலில் கேட்பார்.

காப்பீடு என்றதும் இன்னொன்று. சாதாரணப் பயணக் காப்பீடு பலவற்றில் ஸ்கூபா விலக்கப்பட்டிருக்கும், அல்லது ஆழத்துக்கு வரம்பு இருக்கும். விதிமுறைத் தாளில் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். டைவர்களுக்கென்றே டான் போன்ற அமைப்புகளின் காப்பீடு இருக்கிறது. டைவிங்கில் வரும் அழுத்தக் கோளாறுக்கான சிகிச்சை அறை ஹேவ்லாக்கில் கிடையாது, கடல் தாண்டி போர்ட் பிளேயர் கடற்படை மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். அதை மனதில் வைத்துக் காப்பீட்டைப் பாருங்கள்.

3. தேதியைத் திரும்பும் விமானத்திலிருந்து எண்ணுங்கள்

இரண்டாம் பயணத்தில் அந்தக் கையெழுத்து இருந்திருந்தாலும் நான் இறங்கியிருக்க முடியாது. டைவ் மாஸ்டர் என் டிக்கெட்டைக் கேட்டார். மறுநாள் காலை 10.30க்கு விமானம். தலையை ஆட்டிவிட்டுத் திருப்பித் தந்தார்.

டைவ் முடிந்தவுடன் விமானம் ஏறக்கூடாது. உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டும். ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் அல்லது தொடர்ந்து பல நாள் என்றால் குறைந்தது 18 மணி நேரம். பல ஷாப்களில் 24 என்று சொல்வார்கள், நானும் அதையே எடுத்துக்கொள்கிறேன். மாலை 6.30க்கு மேலே வந்தால் 18 மணி நேரம் முடிவது மறுநாள் பகல் 12.30. இரவு டைவ் செய்யும் நாளில் பகலிலும் ஒரு டைவ் இருக்கும் என்பதால் 12 மணிக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது.

ஆகவே இரவு டைவுக்கு மறுநாள் படகில் போர்ட் பிளேயர், அங்கே ஓர் இரவு தங்கல், அதற்கும் மறுநாள் விமானம். கார்டு ஏற்கெனவே இருந்தால் குறைந்தது ஆறு நாள்: வந்திறங்க ஒன்று, படகுக்கு ஒன்று, பகல் டைவுக்கு ஒன்று, இரவு டைவுக்கு ஒன்று, திரும்ப இரண்டு. கார்டும் அங்கேயே வாங்கப் போகிறீர்கள் என்றால் இன்னும் நான்கு நாள் கூட்டிக்கொள்ளுங்கள். இரவு டைவைக் கடைசி நாளில் வைக்காதீர்கள். காற்று அடித்தால் முதலில் ரத்தாவது அதுதான், தள்ளிப்போட இதற்கு மேல் ஒரு நாளாவது கையில் இருக்க வேண்டும்.

நவம்பர் முதல் ஏப்ரல் வரை நல்ல பருவம். டிசம்பர் கடைசியில் படகு டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பு, விமான டிக்கெட் போட்ட கையோடு அதையும் போட்டுவிடுங்கள். இந்தியர்களுக்கு அனுமதிச் சீட்டு ஏதும் வேண்டாம், ஆதார் போல ஓர் அடையாள அட்டை போதும். படகில் ஏறும்போது அசல் அட்டையைக் கேட்பார்கள்.

4. நாள்காட்டியில் அஷ்டமி பாருங்கள்

நல்ல காரியத்துக்கு அஷ்டமி நவமி ஆகாது என்பார்கள் வீட்டில். முதல் இரவு டைவுக்கு அதுதான் நல்ல நாள்.

அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் அதிகமாக ஏறி இறங்கும், அதனால் நீரோட்டமும் இழுக்கும். அரை நிலவையொட்டிய நாட்களில் ஏற்ற இறக்கம் குறைவு, ஓட்டமும் தணிந்திருக்கும். அதிலும் தேய்பிறை அஷ்டமி முதல் தசமி வரை இரட்டை ஆதாயம். நிலவு நள்ளிரவை ஒட்டித்தான் எழும் என்பதால் மாலையில் நல்ல இருட்டு கிடைக்கும், தண்ணீரில் ஒளிரும் நுண்ணுயிர்களைப் பார்க்கலாம். வளர்பிறை அஷ்டமியில் ஓட்டம் தணிந்திருந்தாலும் நிலவு தலைக்கு மேல் நிற்கும். இருட்டு என்றால் உதறல் எடுக்கும் ஆள் என்றால் அதைத் தேர்ந்தெடுங்கள், கொஞ்சம் வெளிச்சம் இருப்பதில் தப்பில்லை.

இதற்கு மேல் அன்றைய ஏற்ற வற்ற நேரம் ஒன்று இருக்கிறது. கரையிலிருந்து நடந்து இறங்கும் இடம் என்றால், தண்ணீர் வற்றிய நேரத்தில் செத்த பவளத்தின் மேல் இருட்டில் சிலிண்டரைச் சுமந்து தட்டுத்தடுமாற வேண்டிவரும். ஏற்றம் நிற்கும் நேரத்தை ஒட்டி இறங்குவதுபோல ஷாப்பில் கேட்டுத் திட்டமிடுங்கள்.

‘இரவு’ என்றதும் ஒன்பது மணி என்று நினைத்துவிடாதீர்கள். அந்தமானில் நம் கடிகாரமே ஓடுகிறது, சூரியன் மட்டும் சென்னையைவிட 50 நிமிடம் போல முன்னால் போய்விடும். டிசம்பரில் ஐந்து மணியை ஒட்டி மறைந்துவிடும். ஐந்தே காலுக்கு இறங்கினால் ஆறு மணிக்குள் முழு இருட்டு. முதல் தடவை இப்படி மங்கலில் இறங்குவதுதான் சரி. கண்ணும் மனசும் இருட்டோடு சேர்ந்தே பழகிக்கொள்ளும்.

5. செலவு

நான் கொடுத்ததைச் சொல்கிறேன், நீங்கள் போகும்போது ஏறியிருக்கும். ஓப்பன் வாட்டர் 30,000 ரூபாய். பயிற்சியாளரோடு இரவு டைவ் 5,500. அன்று பகல் டைவ் இரண்டும் சேர்த்து 6,500. சென்னையிலிருந்து விமானம் போகவர 12,000. தனியார் படகு ஒரு வழிக்கு 1,500 போல. அரசுப் படகு இதைவிட ரொம்ப மலிவு, நேரம் கொஞ்சம் அதிகம்.

கவுண்டரில் சொல்லும் விலையில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா, டார்ச் வாடகை சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். எனக்கு டார்ச்சுக்குத் தனியாக 500 எழுதினார்கள். காற்று அடித்து ரத்தானால் பணம் திரும்புமா, வேறு நாளுக்கு மாறுமா என்பதை வாட்ஸப்பில் எழுத்தாக வாங்கிவிடுங்கள். கையில் ரொக்கமும் வைத்திருங்கள்.

6. ஷாப்பில் கேட்க வேண்டியவை

எந்த ஷாப் நல்லது என்று சொல்லப் போவதில்லை. பதில் சொல்லும் விதத்திலேயே தெரிந்துவிடும். ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர்? என் கணக்கில் முதல் தடவைக்காரர்களுக்கு இரண்டு பேருக்கு மேல் கூடாது. அதே இடத்தில் பகலில் முன்னதாக இறக்குவார்களா? ஆளுக்கு இரண்டு டார்ச் உண்டா? படகில் அல்லது கரையில் விளக்கோடு ஒருவர் காத்திருப்பாரா? ஆக்ஸிஜன் பெட்டி இருக்கிறதா?

முதலையைப் பற்றியும் வெட்கப்படாமல் கேளுங்கள். அந்தமானில் உப்புநீர் முதலைகள் உண்டு. 2010இல் ராதாநகர் கடற்கரை அருகே ஓர் அமெரிக்கப் பயணி முதலைக்குப் பலியானார். வனத்துறை எங்காவது எச்சரித்திருக்கிறதா, சமீபத்தில் யாராவது பார்த்தார்களா என்று கேட்டால் நல்ல ஷாப்காரர் சிரிக்க மாட்டார், விவரம் சொல்வார். நான் கேட்ட ஒரு கடையில், “சார், அதெல்லாம் உங்க லக்” என்றார்கள். எழுந்து வந்துவிட்டேன்.

7. டார்ச்: இதில்தான் எல்லாரும் ஏமாறுகிறோம்

ஆளுக்கு இரண்டு டார்ச். ஒன்று கையில், ஒன்று பிசிடி, அதாவது மிதக்க உதவும் காற்று ஜாக்கெட்டின் பையில். சிலிண்டர் வால்வில் மூன்றாவதாக ஒரு சின்ன விளக்கோ ஒளிரும் குச்சியோ கட்டுவார்கள். உங்களைப் பின்னாலிருந்து அடையாளம் காண அது.

முதல் டார்ச்சை இணையத்தில் 1,400 ரூபாய்க்கு வாங்கினேன். ‘ஐபி68, வாட்டர்ப்ரூஃப்’ என்று பெட்டியில் கொட்டை எழுத்து. ஐபி68 எத்தனை மீட்டர் தாங்கும் என்பது தயாரிப்பாளர் சொல்வதுதான். பெரும்பாலும் ஒன்றிரண்டு மீட்டர், அரை மணி நேரம். நல்லவேளை, பகல் டைவிலேயே சோதித்துப் பார்த்தேன். ஆறு மீட்டரில் கண்ணாடிக்குள் தண்ணீர் மட்டம் ஏறுவது தெரிந்தது, குமிழ் பார்க்கும் ரசமட்டம் மாதிரி. ‘100 மீட்டர்’ என்று ஆழம் தெளிவாக அச்சிட்ட டைவ் டார்ச்சை மட்டும் வாங்குங்கள். 6,000 ரூபாயிலிருந்து கிடைக்கிறது. ஒரு டைவுக்காக வாங்கவே வேண்டாம், வாடகைக்கு எடுங்கள். இரண்டாவது தடவையும் போவீர்கள் என்று தெரிந்த பிறகு வாங்கலாம்.

பிரதான டார்ச் 800 முதல் 1,000 லூமன் வெளிச்சம் தந்தால் தாராளம். கூசுகிற அளவுக்குப் பெரிய டார்ச் எடுத்துப்போனால் மீன்கள் ஓடும், கூட வருபவர்கள் திட்டுவார்கள். ஒளி குவிந்து விழ வேண்டும், அப்போதுதான் ஒளியால் காட்டும் சைகை தெரியும்.

ஒரே பொத்தானில் நான்கைந்து மோட் இருக்கும் டார்ச் வேண்டவே வேண்டாம். வாடகைக்குக் கிடைத்த டார்ச்சில் வெளிச்சத்தைக் குறைக்க நினைத்து இரண்டு தடவை அழுத்தினேன், மின்னத் தொடங்கிவிட்டது. மின்னும் விளக்கு ஆபத்துக்கான அடையாளம். பயிற்சியாளர் மூன்று உதைப்பில் என் முகத்துக்கு முன்னால் இருந்தார், மூச்சு விட அவர் உபரியாக வைத்திருக்கும் மாற்று ரெகுலேட்டர் என் வாய்க்கு நேராக. நான் பொத்தானை அழுத்த அழுத்த மின்னல் நிற்கவே இல்லை. கடைசியில் அவர் என் கையிலிருந்து அதை வாங்கி, ஒரு நீள அழுத்தில் நிறுத்திவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்தார். மாஸ்க்குக்குப் பின்னாலிருந்தும் அந்தப் பார்வைக்கு அர்த்தம் தெரிந்தது. டார்ச் கையில் வந்ததும் அதன் பொத்தான்களைக் கரையிலேயே கண்ணை மூடிக்கொண்டு பழகுங்கள்.

சொந்த டார்ச் என்றால் இன்னும் சில. விமானத்தில் டார்ச்சிலிருந்து லித்தியம் பேட்டரியைக் கழற்றித் தனி உறையில் போட்டுக் கைப்பையில் வையுங்கள். உதிரி பேட்டரியைச் செக்-இன் பையில் போடக் கூடாது. மூடியின் ரப்பர் வளையத்தில் ஒரு முடி சிக்கினாலும் தண்ணீர் நுழையும். அறையில், காய்ந்த கையோடு, வளையத்தைத் துடைத்துச் சிலிகான் கிரீஸ் மெல்லியதாகத் தடவி மூடுங்கள், கடற்கரை மணலில் திறக்காதீர்கள். முழுச் சார்ஜ் ஏற்றுங்கள். தண்ணீருக்கு வெளியே நெடுநேரம் எரிய விட்டால் சூடாகிக் கெட்டுவிடும்.

8. அன்றைய பகலும் கரையில் ஒத்திகையும்

இரவில் இறங்கும் இடத்திலேயே பகலில் ஒரு டைவ். இதை விட்டுக்கொடுக்காதீர்கள். எந்தப் பாறை எங்கே, மணல் எங்கே தொடங்குகிறது, திரும்பும் திசை எது என்று மனதில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். எட்டுப் பத்து மீட்டர் ஆழம் போதும்.

மதியம் லேசாகச் சாப்பிடுங்கள். தீவில் மீன் குழம்பைப் பார்த்து மயங்கி மூன்று தட்டு அடித்தால் வெட்சூட்டின் ஜிப் பதில் சொல்லும். குடி கூடாது. சளி பிடித்திருந்தால் அன்றைக்கு வேண்டாம், மூக்கடைப்பு மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கவும் வேண்டாம். அடியில் இருக்கும்போது மருந்தின் வேகம் இறங்கினால் ஏறும்போது காதும் சைனஸும் அடைத்துக்கொள்ளும். தண்ணீர் 27, 28 டிகிரி இருந்தாலும் வெயில் இல்லாததால் குளிரும். பகலில் குட்டைச் சூட் போட்டவர்கள் இரவுக்கு முழுச் சூட் கேளுங்கள்.

சைகைகளைக் கரையில் ஒத்திகை பாருங்கள். டார்ச் ஒளியால் தரையில் மெதுவாக வட்டம் போட்டால் ‘சரி’. பக்கவாட்டில் மெதுவாக ஆட்டினால் ‘இங்கே பார்’, வேகமாக ஆட்டினால் ‘ஆபத்து’. கைச் சைகை காட்ட வேண்டுமென்றால் ஒரு கையால் டார்ச்சை மார்பருகே பிடித்து மறு கையின் மேல் அடிக்க வேண்டும். யார் முகத்திலும் ஒளி அடிக்காதீர்கள். இருட்டுக்குக் கண் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும், ஒரு விநாடி ஒளி பட்டால் அத்தனையும் போச்சு.

9. தண்ணீருக்குள்

கரையிலிருந்து நடந்து இறங்கினால் அடி கெட்டியான பூட்டீஸ் காலணி கட்டாயம். காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடங்கள். கல் மாதிரியே கிடக்கும் விஷமுள் கல்மீன் மேல் கால் வைத்தால் அன்றைய இரவு முடிந்தது. பட்டுவிட்டால் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை அமிழ்த்திக்கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

மேற்பரப்பிலேயே டார்ச்சை எரிய விடுங்கள், திரும்பக் கரையேறும்வரை அணைக்காதீர்கள். இறங்கும்போது கயிறோ சரிவான தரையோ கண்ணில் இருக்கட்டும். நடுத்தண்ணீரில் சுற்றிலும் ஒன்றுமே தெரியாமல் இறங்கினால் மேல் எது கீழ் எது என்று தலை சுற்றும். சுற்றினால் உங்கள் குமிழிகளைப் பாருங்கள், அவை போகும் பக்கம்தான் மேல்.

முதல் ஐந்து நிமிடம் மூச்சு எகிறும். எனக்குச் சிலிண்டரின் காற்றழுத்தம் 200 பாரிலிருந்து 150க்கு வர எட்டு நிமிடம்கூட ஆகவில்லை, பகலில் அதே இடத்தில் பதினைந்து நிமிடம் தாக்குப்பிடித்தது. அதற்காகப் பதற வேண்டாம். மணலில் முட்டி போட்டு, டார்ச்சைக் கேஜில் அடித்து எண்ணைப் படியுங்கள், பயிற்சியாளருக்குக் காட்டுங்கள், பத்து மூச்சு மெதுவாக விடுங்கள். அதற்குள் ஒளி வட்டத்துக்குள் ஏதாவது வந்திருக்கும். பகலைவிட அடிக்கடி கேஜைப் பாருங்கள். 100 பாரில் திரும்பத் தொடங்கி, மேலே வரும்போது 50 மிச்சம் இருக்க வேண்டும்.

பார்க்க என்ன இருக்கும்? பகலில் மூடிக் கிடந்த பவளங்கள் இழை போன்ற கைகளை விரித்து இரை பிடித்துக்கொண்டிருக்கும். இறால்களின் கண் சிவப்புப் பொட்டாக மின்னும். பாறை இடுக்கில் கிளிமீன் தன் வாயிலிருந்து சுரந்த கோழைப் பைக்குள் தூங்கும், பாலிதீன் உறையில் போட்டுவைத்தது போல. அதன் மேல் நேராக ஒளி அடிக்காதீர்கள், பாவம். சிங்கமீன் உங்கள் டார்ச் வெளிச்சத்திலேயே வேட்டையாடக் கற்றுக்கொண்டிருக்கும், கூடவே வரும். அழகாகத்தான் இருக்கும், முள்ளில் விஷம். ஒரு கை தூரம் தள்ளியே இருங்கள்.

பயிற்சியாளர் ஓரிடத்தில் மணலில் உட்காரச் சொல்லி டார்ச்சை மார்போடு அணைத்து மறைக்கச் சொல்வார். மறைத்ததும் கரி இருட்டு. கையை வீசுங்கள். விரல் போன வழியெல்லாம் நீலப் பொறி. கம்பி மத்தாப்பு அணையப்போகிற நேரத்தில் உதிர்க்குமே, அந்த அளவுப் பொறிதான். போட்டோவில் விழாது, முயற்சி செய்து நேரத்தை வீணாக்காதீர்கள். உண்மையில் முதல் இரவு டைவுக்குக் கேமராவே வேண்டாம்.

10. ஏதாவது தவறினால்

டார்ச் அணைந்தால்: பையிலிருந்து இரண்டாவதை எடுத்து எரிய விட்டு, கூட இருப்பவருக்குக் காட்டி, டைவை முடித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது எரிகிறதே என்று தொடரக் கூடாது, இப்போது உங்களிடம் உபரி இல்லை.

ஆள் காணவில்லை என்றால்: உங்கள் ஒளியை மார்பில் மறைத்துக்கொண்டு ஒரு முழுச் சுற்றுத் திரும்பிப் பாருங்கள். அவருடைய வெளிச்சம் எங்காவது தெரியும். ஒரு நிமிடத்துக்கு மேல் தேட வேண்டாம், மெதுவாக மேலே வாருங்கள். அவரும் அதையே செய்வார், மேலே சந்திப்பீர்கள். இதை இறங்கும் முன் இருவரும் வாய்விட்டுப் பேசிக்கொள்ளுங்கள்.

மனசு சரியில்லை என்றால்: கட்டை விரலை மேலே காட்டுங்கள், டைவிங்கில் அதற்கு ‘மேலே போகலாம்’ என்று அர்த்தம். காரணம் சொல்ல வேண்டியதில்லை, பணம் கொடுத்தாச்சே என்று யோசிக்கவும் வேண்டாம்.

11. மேலே வந்த பிறகு

ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நின்று வாருங்கள். இருட்டில் ஆழம் தெரியாமல் மிதந்து ஏறிவிடுவது சுலபம், ஆழம் காட்டும் டைவ் கம்ப்யூட்டரில் கண் வையுங்கள். மேலே ஏறும்போது தலைக்கு மேல் ஒளி அடித்து, படகின் அடிப்பாகம் இல்லையென்று பாருங்கள். வந்ததும் டார்ச்சைத் தலைக்கு மேல் தூக்கிப் பெரிய வட்டம் போட்டால் கரையில் நிற்பவருக்கு ‘சரி’ என்று புரியும். கை மட்டும் ஆட்டினால் உதவி கேட்கிறீர்கள் என்று நினைத்துப் படகை எடுத்துவிடுவார்கள்.

சொந்த டார்ச்சை மூடியைத் திறக்காமல் நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் ஊறப்போடுங்கள். டைவ் கணக்கு எழுதும் லாக்புக்கில் ஆழம், நேரம், மிச்சக் காற்று எழுதிப் பயிற்சியாளர் கையெழுத்தை அன்று இரவே வாங்கிவிடுங்கள். மறுநாள் காலை அவர் வேறு படகில் போயிருப்பார், எனக்கு அவர் திரும்பிவர மதியமாகிவிட்டது, இரண்டு மணிப் படகைத் தவறவிடப் பார்த்தேன். கரையில் கிடைக்கும் சிப்பி, செத்த பவளத் துண்டு எதையும் பையில் போடாதீர்கள். பவளம் வனவிலங்குச் சட்டத்தில் வருகிறது, விமான நிலைய ஸ்கேனரில் அது தெளிவாகத் தெரியும்.